சின்ன வயசுக் கதையைப் புத்தகமாக்குவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(தென்கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, மதுரைத் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் இந்தப் பதில்களை எழுதுகிறார். 1960களின் தென்கரை, சோழவந்தான் வாழ்க்கையைச் சொல்லும் அவருடைய நூல் வெளிவந்த பிறகு, ‘நாங்களும் எங்கள் கதையை எழுத வேண்டும்’ என்று பலர் நமக்குக் கடிதம் போட்டார்கள். அவற்றிலிருந்து சில கேள்விகள்.)

உசிலம்பட்டி வாசகி: எனக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊர், பாட்டி, பள்ளிக்கூடம் எல்லாம் மனசில் நிற்கிறது. எழுத உட்கார்ந்தால் ‘அது ஒரு பொற்காலம்’ என்று இரண்டு பக்கம் வருகிறது. அதற்கு மேல் நகரவில்லை. நீங்கள் எப்படித் தொடங்கினீர்கள்?

பொற்காலத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுந்தவர் யார்? எழுந்ததும் என்ன வேலை பார்த்தார்? அதை எழுதுங்கள். அடுத்து எழுந்தவர் என்ன செய்தார்? அப்படியே ராத்திரி கதவு சாத்துகிற வரைக்கும் ஒரே ஒரு நாளை எழுதி முடியுங்கள். என் நூலின் முதல் அத்தியாயம் அப்படித்தான் வந்தது.

எங்கள் வீட்டில் முதலில் எழுந்தது அப்பத்தா. வெற்றிலை கிள்ளுகிற நாள் என்றால் விடிவதற்குள் ஆட்கள் வந்துவிடுவார்கள். கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். வரப்பில் வரிசையாகக் கழற்றிக் கிடக்கும். அகத்தி மரத்தில் கொடி ஏறி நிற்கும், நடுவில் தண்ணீர் ஓடுகிற கால். கிள்ளி வந்த வெற்றிலையைக் கழுவி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து எண்ணிக் கவுளி கவுளியாக அடுக்குவார்கள். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், எண்ணிக்கை தப்பாது. அகத்தி கழிக்கிற நாளில் கீரை எங்கள் சட்டிக்கு வரும், மிச்சம் ஆட்டுக்குப் போகும். பிள்ளைகளுக்கு என்ன வேலை என்றால், கொடி கட்டுவதற்கு வாழைநார் கிழித்துக் கொடுப்பது. நாரை நனைத்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து கிழிப்போம்.

நார் கிழித்ததை எழுதியபோது அந்தத் திண்ணை வந்தது. திண்ணைக்கு வந்து கடனைத் திருப்பிக் கேட்டவர் வந்தார். அவரிடம் பேசும்போது மட்டும் அய்யாவின் குரல் தணிந்து போகும், அதுவும் வந்தது. ‘நாங்கள் கஷ்டப்பட்டோம்’ என்று நான் எங்கேயும் எழுதவில்லை; படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது.

நான் எல்லோரிடமும் சொல்வது இந்த ஒன்றுதான். உங்களைப் பற்றிக் கொஞ்சமாக எழுதுங்கள், உங்களைச் சுற்றி வேலை செய்தவர்களைப் பற்றி நிறைய எழுதுங்கள். படிக்கிறவருக்கு உங்களைத் தெரியாது. ஆனால் அவர் வீட்டிலும் யாரோ ஒருவர் முதலில் எழுந்திருப்பார். உங்கள் உசிலம்பட்டிப் பக்கம் கமலை கட்டி இறைத்த கிணறுகள் எத்தனை இருந்திருக்கும்! கமலை ஓட்டியவர் மாட்டோடு என்ன பேசினார், வடம் அறுந்தால் யாரைக் கூப்பிட்டார்கள், மடை திருப்ப யார் நின்றார்கள்? இதெல்லாம் தெரிந்த தலைமுறை உங்களுடையதுதான்.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் வட்டமாக உட்கார்ந்து எண்ணிய அந்தப் பெண்களின் பெயர் எந்தச் சான்றிதழிலும் வராது. என் புத்தகத்தில் இருக்கிறது.

திருமங்கலம் வாசகர்: நடந்தது ஞாபகம் இருக்கிறது, வருஷம் ஞாபகம் இல்லை. அண்ணன் ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன். எது சரி என்று எப்படி முடிவு செய்வது?

ஊருக்கே தெரிந்த சம்பவங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என் தாளில் இருந்தவை: 1957 நயா பைசா வந்தது. 1959 ஜனவரி வைகை அணை திறப்பு. 1964 டிசம்பர் தனுஷ்கோடியை அழித்த புயல். 1965 ஜனவரி 25, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மதுரையில் கலவரம் மூண்ட நாள். 1967 ஜனவரி எம்.ஜி.ஆர். சுடப்பட்டது, அடுத்த மாதமே தேர்தல். 1969 பிப்ரவரி அண்ணா மறைவு, அதே வருஷம் ஜூலையில் நிலாவில் மனிதன். உங்கள் வயதுக்கு ஏற்றபடி தாள் மாறும். அப்புறம் ஒவ்வொரு நினைவையும் எடுத்து, இது அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

அய்யாவும் சித்தப்பாவும் எப்போது பாகம் பிரித்தார்கள் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் ஓயாத வாக்குவாதம். அம்மாவிடம் கேட்டோம். அண்ணா இறந்த செய்தியைக் கேட்க எல்லோரும் சித்தப்பா வீட்டு ரேடியோவுக்கு ஓடினார்களாம். முற்றத்தில் அப்போதுதான் குறுக்குச் சுவர் எழுப்பியிருந்ததால் தெருவைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது என்றார். அதோடு வாக்குவாதம் முடிந்தது.

காகிதங்களையும் தேடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரத்தின் நகல் வாங்கலாம். அதில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள். வடக்கே யார் நிலம், தெற்கே யார் வாய்க்கால் என்று பக்கத்து நிலக்காரர்கள் பெயரெல்லாம் வரும். பத்திர நடையில் இருந்தாலும் அது உங்கள் ஊரின் படம்தான். 1980இல் கர்ணம் பதவியை எடுக்கும் வரைக்கும் கிராமக் கணக்கை அவர்கள்தான் எழுதினார்கள். பழைய அடங்கல் பார்க்கக் கிடைத்தால், எந்த வயலில் எந்தப் போகம் என்ன பயிர் என்று தெரியும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் சேர்ந்த வருஷத்தை நம்பலாம். பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் பல பிள்ளைகளுக்கு வாத்தியார் போட்டதுதான் பிறந்த தேதி.

பழைய நூல்களையும் இதழ்களையும் வீட்டிலிருந்தே பார்க்க தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. சென்னை போக முடிந்தால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நமக்குப் பக்கத்தில் நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இவ்வளவுக்குப் பிறகும் அண்ணன் ஞாபகமும் உங்கள் ஞாபகமும் சேரவில்லை என்றால், இரண்டையும் எழுதிவிடுங்கள். ‘அண்ணன் இப்படிச் சொல்கிறார்’ என்று ஒரு வரி போதும்.

மேலூர் இளைஞர்: எனக்கு 26 வயது. இப்போதே என் பால்ய காலத்தை எழுதலாமா?

எழுதுங்கள் தம்பி, யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதைவிட அவசரமான வேலை ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் அம்மாச்சி, தாத்தா இருக்கிறார்களா? செல்போனைப் பக்கத்தில் வைத்துப் பேசவிடுங்கள். ‘உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க’ என்று கேட்டால், ‘என்னத்தச் சொல்ல’ என்பார்கள். பெரியாறு பாசனத் தண்ணீர் மேலூருக்கு வந்ததும் வீட்டில் முதலில் யார் எங்கே ஓடினார்கள் என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்கள். பதிவு செய்த அன்றைக்கே தேதி, ஊர், பேசியவர் பெயர் போட்டு இன்னொரு இடத்திலும் சேமித்து வையுங்கள். உங்கள் கதை பத்து வருஷம் காத்திருக்கும், அவர்கள் கதை காத்திருக்காது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி: அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்ததை எழுதியிருக்கிறேன். அப்பா இப்போது இல்லை. அம்மா ‘எழுது’ என்கிறார். தம்பிகள் ‘குடும்ப மானம் போய்விடும்’ என்று சண்டை போடுகிறார்கள். நான் என்ன செய்ய?

அடி வாங்கியவர் எழுது என்கிறார். எனக்கு அதற்கு மேல் பெரிய அனுமதி எதுவும் தெரியவில்லை. தம்பிகளின் வலியும் உண்மைதான், அதைத் தள்ளிவிடாதீர்கள். அச்சுக்குப் போகும் முன் அந்த அத்தியாயத்தை அவர்கள் கையில் கொடுங்கள். புத்தகக் கடையில் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் பெரிய அவமானம். அப்பாவின் கை வேலையையும் எழுதுங்கள். அடித்த கைக்கு ஒரு தொழில் தெரிந்திருக்கும் இல்லையா? அதை எழுதுவது அவர் செய்ததை மன்னிப்பதாகாது. அவரை முழு மனிதராகக் காட்டினால், அடித்தது இன்னும் தெளிவாகத் தெரியும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவு அவதூறு பற்றியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 499. இறந்தவரைப் பற்றி எழுதினாலும், அவர் குடும்பத்தாரின் மனசைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதினால் அதுவும் அவதூறில் வரலாம். ‘நடந்தது உண்மை’ என்று சொன்னால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்கிறது விதிவிலக்கு. அதனால் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஆளைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்தால் பெயர், தெரு, தொழில் மூன்றையும் மாற்றுங்கள். மாற்றியிருப்பதாக முன்னுரையில் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் வக்கீல் ஒருவரிடம் அந்தப் பக்கங்களைக் காட்டுங்கள்.

என் அத்தை சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அவரைப் பற்றிய அத்தியாயத்தை எழுதி எடுத்துக்கொண்டு தென்கரைக்குப் போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, நான் வாசித்துக் காட்டினேன். துக்கம் நடந்த வீட்டைக் கண்ணீரும் ஒப்பாரியுமாக எழுதியிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “எல்லாஞ் சரித்தேன். ஆனா பதினாறு முடிஞ்ச மறுநாளு நான் என்ன செஞ்சேன்னு எழுதலையே? அன்னைக்கு வெத்தலை கிள்ளுற நாளு. பதினெட்டு ஆளுக்குச் சோறு பொங்கினேன்” என்றார். அந்த அத்தியாயம் இப்போது பதினெட்டு ஆளுக்குச் சோறு பொங்குவதில்தான் தொடங்குகிறது. எந்தப் பானை, யார் விறகு கொண்டுவந்தார்கள், பந்தியில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்பதுவரை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். அது இல்லாததால் புத்தகம் குறைந்துபோகவில்லை. சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கும்போது போய்ப் படித்துக் காட்டுங்கள்; இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வாடிப்பட்டி வாசகர்: எங்கள் பேச்சுவழக்கிலேயே எழுதலாமா? படிக்கிறவர்களுக்குப் புரியுமா?

பேசுகிற இடங்களில் பேச்சு, சொல்கிற இடங்களில் எழுத்து நடை; நான் அப்படித்தான் எழுதினேன். அப்பத்தாவின் பேச்சை ஒரு திருத்துநர் இலக்கணத் தமிழுக்கு மாற்றி அனுப்பினார். சத்தமாக வாசித்துப் பார்த்தேன், அப்பத்தா இல்லை. பழையபடியே போடச் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். கொடிக்கால் சொற்களுக்குக் கடைசியில் அகராதி எதுவும் போடவில்லை. வேலையைச் சரியாக விவரித்தால் சொல் தானாகப் புரிந்துவிடும்.

செல்லூர் வாசகர்: கையெழுத்துப் பிரதி தயார். ஒரு பதிப்பகம் ‘அச்சுச் செலவை நீங்கள் கொடுங்கள்’ என்கிறது. கொடுக்கலாமா? எதையெல்லாம் கேட்க வேண்டும்?

இந்தக் கேள்விதான் அதிகமாக வந்திருக்கிறது. இதில்தான் நம் ஆட்கள் பணத்தை விடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பணம் கொடுத்துப் புத்தகம் போடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பதுதான் கூடாது. எத்தனை பிரதி அடிப்பார்கள், என்ன தாள், என்ன அளவு, உங்களுக்கு எத்தனை பிரதி, கடைகளுக்கு யார் அனுப்புவது என்று எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். இப்போது தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அடிக்க முடிகிறது. ஒரு பிரதிக்கு ஆகும் செலவு கூடும், ஆனால் வீட்டில் கட்டுக்கட்டாகத் தேங்காது. ஐந்நூறு, ஆயிரம் என்றால் ஆஃப்செட்டில் ஒரு பிரதியின் விலை குறையும். அவ்வளவு பேர் வாங்குவார்களா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். அச்சுக்காரர்கள் பெரும்பாலும் பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்று கணக்குப் போடுவார்கள். 160 பக்கம் பத்து பாரம். 163 பக்கத்தில் நின்றால் மூன்று பக்கத்தைச் சுருக்குங்கள், செலவு குறையும்.

அடுத்தது ஒப்பந்தம். நீங்கள் எழுதிய நொடியிலேயே பதிப்புரிமை உங்களுடையது; பதிவு செய்தால்தான் உண்டு என்பதில்லை. அதைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தால்தான் போகும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று எழுதவில்லை என்றால் ஐந்து வருஷம் என்று பொருள். எந்த எல்லைக்குள் என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். எனக்கு ஒரு பதிப்பகம் முதலில் அனுப்பிய தாளில் மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம் எல்லாமே ‘நிரந்தரமாக’ அவர்களுக்கு என்று இருந்தது. கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன். வேறொரு பதிப்பகத்தில் அச்சு நூல் உரிமை மட்டும், ஐந்து வருஷத்துக்கு, பத்து சதவீத ராயல்டி என்று முடிந்தது. காத்திருந்தது நல்லதுதான். அந்த இடைவெளியில்தான் அத்தையிடம் போய் வாசித்தேன்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் அடையாளமாகத் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு யாராவது தனியாகக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். இந்தியாவில் அதை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. சொந்தமாகப் பதிப்பிப்பவர்களும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் பதிப்பாளர் பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று கேளுங்கள். நூறு வருஷம் கழித்து உங்கள் தெருவைப் பற்றி ஒருவர் தேடினால், அங்கேதான் கிடைக்கும். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ‘நூலக ஆணை’ வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

செல்லூர்க்காரர் என்கிறீர்கள், தறி நெய்த வீடாக இருந்தால் எனக்கு ஒரு பிரதி வேண்டும். பாவு ஓட்டுகிற தெருவைப் பற்றிப் படிக்க ஆசை.

பழங்காநத்தம் வாசகர்: பழைய ஸ்டுடியோ போட்டோக்கள், மாமா எழுதிய கடிதங்கள், அம்மா பாடிய பாட்டு இவற்றைச் சேர்க்கலாமா?

உங்கள் அய்யா காசு கொடுத்து எடுக்கச் சொன்ன குடும்பப் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான். சேர்க்கலாம், ஸ்டுடியோ பெயர் அட்டையில் அச்சாகியிருந்தால் அதையும் நன்றியோடு போடுங்கள். கடிதம் வேறு. காகிதம் உங்களுடையது, எழுத்தின் உரிமை மாமாவுடையது. அவர் இறந்திருந்தால் அது வாரிசுகளுக்குப் போகும், அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அம்மா பாடியது நடவுப் பாட்டோ தாலாட்டோ என்றால் தாராளமாகப் போடுங்கள், யார் பாடியது என்று பெயரோடு. சினிமாப் பாட்டு என்றால் வரிகளை அச்சிடாமல், எந்த வேலைக்கு நடுவே பாடினார் என்று எழுதுங்கள், அதுவே போதும்.

சோழவந்தான் வாசகி: கையால் எழுதிய நோட்டு நிறைய இருக்கிறது. டைப் செய்து, பிழை திருத்தி முடிப்பதற்குள் ஆயுசே போய்விடும் போலிருக்கிறது. ஏதாவது வழி?

நம்ம ஊர்! ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழாவைக் கண்டிப்பாக எழுதியிருப்பீர்கள். நோட்டுகளை முதலில் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள், மழைக்கும் கரையானுக்கும் முன்னால். டைப் செய்கிறவரிடம் யூனிகோடில்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து அப்புறம் மாற்றினால், கொம்பும் காலும் இடம் மாறிப் பக்கம் பக்கமாகத் திருத்த வேண்டியிருக்கும். பேசினால் டைப் ஆகிற வசதி இப்போது செல்போனிலேயே இருக்கிறது. வாசித்துவிட்டு அப்புறம் திருத்தலாம். மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கிற பிரதியை, திரையில் பார்க்காதீர்கள், தாளில் எடுத்துப் பாருங்கள். ஒரு முறை நீங்கள், ஒரு முறை உங்கள் கதை தெரியாத ஒருவர். ஊர்ப்பெயர், ஆட்பெயர் மட்டும் தனியாக ஒரு தடவை. முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம், இரும்பாடி என்று நம் ஊர்ப்பெயர்கள் வெளியூர் டைப்பிஸ்ட் கையில் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

விளாச்சேரி வாசகி: அடுத்து என்ன எழுதுகிறீர்கள்?

வெளியூருக்கு ஆபரேட்டர் மூலம் போன் பேசிய டிரங்க் கால் காலத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். சாதா, அர்ஜென்ட், லைட்னிங் என்று பதிவு செய்துவிட்டு மக்கள் மணிக்கணக்கில் காத்திருந்த காலம். பக்கத்து நாற்காலியில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்த தோழிகள் பலர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. 1970களில், 80களில் மதுரை, திண்டுக்கல், விருதுநகர் தொலைபேசி நிலையங்களில் ராத்திரி ஷிப்ட் பார்த்த பெண்கள் யாராவது இதைப் படித்தால், இந்த இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு எப்படிப் போனீர்கள், கைப்பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள், போர்டில் எந்த விளக்கு எரிந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நானே பஸ் ஏறி வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.